தொட்டி, வைக்கோல், மீன்காரன்: ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், "கிறிஸ்துமஸ் என்பது ரோமானியரிடமிருந்து திருடிய சூரிய விழா" என்று யாராவது ஒரு காணொளியை எனக்கு அனுப்பிவிடுகிறார்கள். பதில் எழுதி அலுத்துவிட்டது. இந்த ஆண்டு அக்கா ரோமுக்குத் திருப்பயணம் போக வேண்டும் என்றாள். துணைக்கு நான் போனேன். அவள் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. தூத்துக்குடி வீட்டில் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் குடில் கட்டுகிறவள் அவள்தான். எனக்கு ஜெபத்தைவிடப் பழைய கட்டடங்களில் நாட்டம் அதிகம். இரவில் கைப்பேசியில் குறித்துவைத்ததைச் சற்றுத் திருத்தி, நாள்வாரியாகப் போடுகிறேன்.

டிசம்பர் 5, வெள்ளி, ரோம்

மழை. ரயில் நிலைய வாசலில் வங்காளதேசத்து இளைஞர் ஒருவர் ஐந்து யூரோவுக்குக் குடை விற்றார். தூறல் வலுத்ததும் அடுத்த ஆளிடம் எட்டு யூரோ கேட்டார். அந்தக் குடை முதல் தெருமுனைக் காற்றிலேயே மேல்நோக்கி மடங்கிக்கொண்டது. காப்பிக் கடையில் நின்று குடித்தால் ஒன்று முப்பது, உட்கார்ந்தால் நான்கு யூரோ. அக்கா முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "நின்றே குடிப்போம்" என்றாள்.

சாந்தா மரியா மஜ்ஜோரே பேராலயத்துக்கு நடந்தே போய்விடலாம். கத்தோலிக்கத் திருச்சபையின் யூபிலி புனித ஆண்டு என்பதால் பாதுகாப்புச் சோதனை வரிசை சதுக்கத்தைச் சுற்றி வளைந்திருந்தது. உள்ளே நுழைந்தவர்களில் பெரும்பாலோர் இடப்பக்கம் திருத்தந்தை (போப்) பிரான்சிஸின் கல்லறையை நோக்கிப் போனார்கள். வெறும் கல், அதில் அவர் பெயர் மட்டும். அக்கா அங்கே அழுதாள். பக்கத்தில் நின்ற பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்மணி, யார் எவர் என்று கேட்காமல் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தை நீட்டினார்.

நான் பார்க்க வந்தது நடுப்பீடத்துக்குக் கீழே இருக்கிறது. வெள்ளியும் படிகமுமாக வலாதியேர் என்ற கலைஞர் 1802இல் செய்த பேழைக்குள் சில மரத்துண்டுகள். பெத்லகேமில் குழந்தையைக் கிடத்திய தீவனத் தொட்டியின் மரம் என்று நூற்றாண்டுகளாக வணங்கப்படுபவை. அவற்றின் எதிரே திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதரின் பளிங்குச் சிலை மண்டியிட்டிருக்கிறது. அதில் ஒரு சிறு துண்டைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் பெத்லகேமுக்கே திருப்பி அனுப்பினார். மரம் அசலா என்ற கேள்வியை அக்காவிடம் நான் எழுப்பவில்லை. இரவுச் சாப்பாடு அவள் கையிருப்பில்தான் நடந்துகொண்டிருந்தது.

என் கண் போனது மேலே. பீடத்துக்கு முன்னுள்ள பெரிய வளைவு முழுக்க மொசைக் ஓவியங்கள். மரியாவைக் கடவுளின் தாய் என்று எபேசு நகரில் கூடிய ஆயர்களின் சங்கம் 431இல் அறிவித்த அடுத்த சில ஆண்டுகளில், திருத்தந்தை மூன்றாம் சிக்ஸ்துஸ் காலத்தில் பதித்தவை. குழந்தையைத் தேடிக் கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் காணிக்கையோடு வருகிறார்கள். குழந்தை எங்கே? தாயின் மடியில் இல்லை, வைக்கோலிலும் இல்லை. மணிகள் பதித்த அகன்ற அரியணையில், தலைக்கு மேல் விண்மீனும் பின்னால் வானதூதர்களுமாகத் தனியே அமர்ந்திருக்கிறது, சக்கரவர்த்தியின் வாரிசைப்போல. மாடு இல்லை, கழுதை இல்லை, தொட்டியும் இல்லை. தொட்டியின் மரம் என்று கீழே ஒன்றை வைத்துக்கொண்டு, மேலே தொட்டியே இல்லாத கிறிஸ்துமஸ். இந்தப் பயணத்தில் எனக்கு முதல் அதிர்ச்சி இதுதான்.

டிசம்பர் 6, சனி, ரோம்

சலாரியா சாலையில் உள்ள பிரிசில்லா சுரங்கக் கல்லறைக்குப் போனோம். கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர் நீளச் சுரங்கங்கள். நமக்குக் காட்டுவது அதில் துளி. உள்ளே புகைப்படம் எடுக்கக் கூடாது. வழிகாட்டிப் பெண் ஒருவரை ஒருவர் தொட்டுக்கொண்டு நடக்கச் சொன்னார். அமெரிக்கர் ஒருவர் தன் தோளை அக்காவுக்குக் கைத்தடியாகக் கொடுத்தார். அக்கா இறுக்கிப் பிடித்ததில் அவர் கோட்டு கசங்கிவிட்டது.

கூரையோரம் உள்ளங்கையகலத்தில் ஓர் ஓவியம். ஒரு பெண், மார்போடு ஒரு குழந்தை, பக்கத்தில் நின்று விண்மீனைச் சுட்டிக்காட்டும் ஓர் ஆண். மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். மரியாவைக் காட்டும் மிகப் பழைய ஓவியங்களில் ஒன்று. இன்னோர் அறையில் ஞானிகள் மூவர் வரிசையாக வருகிறார்கள். மூவர் என்று நற்செய்தியில் எங்கும் இல்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூவர் ஆனார்கள்.

இதையெல்லாம் வரைந்த காலத்துக் கிறிஸ்தவர்கள் கிறிஸ்து பிறப்பு விழாவைக் கொண்டாடியதாக உறுதியான சான்று கிடையாது. அவர்களுக்குப் பெருவிழா என்றால் உயிர்ப்பு விழாதான் (ஈஸ்டர்). விவிலியத்தில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் பார்வோனும் ஏரோதும் போன்ற பாவிகள்தான் என்று மூன்றாம் நூற்றாண்டில் ஓரிஜன் என்ற இறையியலாளர் எழுதினார். அவருக்குச் சற்று முன் அலெக்சாந்திரியாவின் கிளமெண்ட், கிறிஸ்து பிறந்த நாளைச் சிலர் மே 20 என்றும் சிலர் ஏப்ரலிலும் கணக்கிடுவதாக எழுதிவைத்தார். அந்தப் பட்டியலில் டிசம்பர் 25 இல்லை. கிழக்குச் சபைகளில் பிறகு ஜனவரி 6 வேரூன்றியது. ஆர்மீனியத் திருச்சபை இன்றைக்கும் அந்த நாளில்தான் பிறப்பைக் கொண்டாடுகிறது.

மேலே ஏறி வந்ததும் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே, "அப்படியென்றால் முந்நூறு வருஷம் கிறிஸ்துமஸ் இல்லாமலே இருந்தார்களா? கேக் இல்லாமல், குடில் இல்லாமல்?" என்றாள். சிங்கத்துக்குப் பயந்த காலத்தில் கேக் எங்கே சுடுவது என்றேன். அவள் சிரிக்கவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு, ரோம்

மாதத்தின் முதல் ஞாயிறு என்பதால் ரோமானியப் பேரங்காடித் திடலுக்கு நுழைவு இலவசம். இலவசம் என்றால் உலகமே ஒன்றுதான்: தள்ளுமுள்ளு, முண்டியடிப்பு, வரிசைக்கு நடுவில் புகும் குடும்பங்கள். சாட்டர்ன் என்ற ரோமானியக் கடவுளின் கோவிலில் எட்டுத் தூண்கள் மிச்சம். சாட்டர்னாலியா என்னும் விழா அங்கேதான் டிசம்பர் 17இல் தொடங்கும். விருந்து, சூதாட்டம், பரிசுப் பொருள்கள். அடிமைகளை எசமானர்கள் உட்காரவைத்து உபசரிப்பதும் உண்டு. காணொளிக்காரர்களுக்குப் பிடித்த விழா. ஆனால் அது 23ஆம் தேதி வாக்கில் முடிந்துவிடும்.

சூரியன் கதை வேறு. பேரரசன் அவுரேலியன் 274இல் வெல்ல முடியாத சூரியனுக்கு ஒரு கோவில் கட்டினான். அக்கா பார்க்க வேண்டும் என்றாள். கோவில் இருந்ததாகச் சொல்லும் சான் சில்வெஸ்த்ரோ சதுக்கப் பக்கம் போனால், பஸ்கள் நின்றன, புறாக்கள் நின்றன. கோவிலுக்கு அடையாளமாக ஒரு கல்கூட எங்கள் கண்ணில் படவில்லை. பொரித்த கஷ்கொட்டை ஒரு சுருள் ஆறு யூரோ. எண்ணிப் பார்த்தால் பத்துக் கொட்டை, அதில் இரண்டு சொத்தை. "சூரியனும் இல்லை, கொட்டையும் சரியில்லை" என்று அக்கா தீர்ப்புச் சொன்னாள்.

அந்தச் சதுக்கத்தில் நின்றுதான் அவளுக்கு 354ஆம் ஆண்டின் கையேட்டைப் பற்றிச் சொன்னேன். வாலெந்தீனுஸ் என்ற வசதியான கிறிஸ்தவருக்காக ஃபிலோகாலுஸ் என்ற எழுத்துக் கலைஞர் ஒரு நாட்குறிப்புத் தொகுப்பை எழுதிக் கொடுத்தார். மூலம் அழிந்துவிட்டது, படிகள் உண்டு. அதில் மறைசாட்சிகளின் பட்டியல் ஒன்று. 336 வாக்கில் தொகுத்தது என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். பட்டியலின் தொடக்கத்திலேயே டிசம்பர் 25: யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார். டிசம்பர் 25 கிறிஸ்துமஸுக்கு நமக்குக் கிடைக்கும் உறுதியான முதல் பதிவு இதுதான். அதே தொகுப்பில், அரசு விழாக்களின் பட்டியலில், அதே தேதிக்கு நேராக "வெல்ல முடியாதவனின் பிறந்தநாள், முப்பது தேரோட்டப் பந்தயங்கள்" என்றும் இருக்கிறது. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் ஒரே தாளில் பிரதோஷத்தையும் ரம்ஜானையும் புனிதர் திருநாளையும் போடுவதில்லையா, அப்படி.

கவனிக்க வேண்டியது இது. டிசம்பர் 25 சூரியனின் பிறந்தநாள் என்பதற்கும் நம்மிடம் இருக்கும் முதல் தெளிவான பதிவு இதே கையேடுதான். யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்று இதை மட்டும் வைத்து எப்படிச் சொல்வது? இன்னொரு விளக்கமும் உண்டு. கிறிஸ்து இறந்தது மார்ச் 25 என்று பழைய ரோமானியச் சபையில் ஒரு கணக்கு இருந்தது. அவர் கருவானதும் அதே நாளில்தான் என்று கொண்டு, ஒன்பது மாதம் கூட்டினால் டிசம்பர் 25. கணக்கு ஆசிரியைக்கு இது உடனே பிடித்துப்போயிற்று. எனக்கு இரண்டில் எதுவும் முழுசாக ஒப்பவில்லை. சூரியனின் செல்வாக்கே இல்லை என்று சாதிப்பதும் வீம்புதான்.

ஏனென்றால் மாலையில் புனித பேதுரு பேராலயத்தில், திருத்தந்தை பெரிய லியோவின் பீடத்துக்கு முன் நின்றபோது அவருடைய கிறிஸ்துமஸ் மறையுரை நினைவுக்கு வந்தது. ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் அவர் திட்டுகிறார்: விழாவுக்கு வருகிறவர்களில் சிலர், கோவில் படியேறி முடித்ததும் திரும்பி நின்று, உதிக்கிற சூரியனுக்குத் தலைவணங்கிவிட்டு உள்ளே வருகிறார்கள். கையேடு எழுதி நூறு ஆண்டு ஆன பிறகும்! அந்தப் படிக்கட்டு இன்று இல்லை. பழைய கோவிலை இடித்துத்தான் இதைக் கட்டினார்கள். மக்கள் ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றுக்குப் போவதில்லை, இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள். லியோவின் கோபம்தான் எனக்கு எல்லாக் காணொளிகளையும்விட நல்ல சான்று.

தலைவாசலுக்கு உள்ளே தரையில் செந்நிற வட்டக் கல் ஒன்று. 800ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று பிராங்கு மக்களின் அரசன் சார்லமேன் பேரரசனாக முடிசூட்டப்பட்டபோது மண்டியிட்டதாகச் சொல்லும் கல். அதற்குள் அந்தத் தேதிக்கு அவ்வளவு கனம் சேர்ந்துவிட்டது. வெளியே சதுக்கத்தில் மரம் நின்றது, விளக்குப் போடவில்லை. குடிலைத் தடுப்பு வைத்து மறைத்திருந்தார்கள். அங்கே மரம் வைக்கும் வழக்கம் 1982இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் தொடங்கியது. என்னைவிட இளையது!

டிசம்பர் 8, திங்கள், ரியேத்தி

மரியா பாவக்கறையின்றிக் கருவானதைக் கொண்டாடும் அமல உற்பவத் திருநாள், நாடு முழுக்க விடுமுறை. அசிசி பிரான்சிஸ் தொட்டியும் வைக்கோலும் வைத்துக் கிறிஸ்துமஸ் கொண்டாடிய கிரேச்சோ போக ரியேத்தியில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். ரியேத்திக்கு வந்துவிட்டோம், சனிக்கிழமை நாங்கள் நின்ற அதே சலாரியா சாலை வழியாக, மலை ஏற ஏறப் பனிமூட்டம். அங்கிருந்து பஸ் இல்லை. பலகையில் போட்டிருந்த நேரம் வேலைநாளுக்கானதாம். அறிவிப்பு இல்லை, கேட்க ஆளும் இல்லை, குளிர் ஐந்து டிகிரி.

எதிரே ஒரு காப்பிக் கடை திறந்திருந்தது. கடைக்கார அம்மாள் கல்லாவுக்குப் பக்கத்தில் பாசியை விரித்துக் குடில் அடுக்கிக்கொண்டிருந்தார். இத்தாலியில் இந்தத் திருநாளில்தான் மரமும் குடிலும் வைக்கத் தொடங்குவார்கள். அக்காவுக்கு இத்தாலி மொழி தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஐந்தே நிமிடத்தில் அக்கா ஆட்டுக்குட்டிகளை எங்கே நிறுத்துவது என்று கையால் யோசனை சொல்லிக்கொண்டிருந்தாள். தொட்டி காலியாக இருந்தது. குழந்தை 24ஆம் தேதி இரவுதான் வரும், எங்கள் வீட்டைப்போலவே. அந்த அம்மாள் தன் மருமகனைத் தொலைபேசியில் கூப்பிட்டு, மறுநாள் காலை காரில் அழைத்துப்போக ஏற்பாடு செய்தார். போய்வர முப்பது யூரோ. காப்பிக்குக் காசு வாங்கவில்லை.

இரவு அமத்ரிச்சானா பாஸ்தா. அமத்ரிச்சே ஊர் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. தக்காளி, செம்மறிப் பாலாடைக்கட்டி, உப்பிட்ட பன்றிக் கன்னக் கொழுப்பு. பதினொரு யூரோவுக்கு இந்தப் பயணத்தின் சிறந்த சாப்பாடு. அக்கா கொழுப்பை ஒதுக்கினாள்; நான் எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் 9, செவ்வாய், கிரேச்சோ

மடம் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கீழே ரியேத்திப் பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. காரோட்டிய பையன் அக்காவின் கையைப் பிடித்துப் படியேற்றிவிட்டு, வெளியே நின்று சிகரெட் பற்றவைத்தான்.

1223. துறவி அசிசி பிரான்சிஸ் கிறிஸ்துமஸுக்கு ஏறக்குறைய பதினைந்து நாள் முன்பு இவ்வூர்ப் பிரபு ஜொவான்னி வெலீத்தாவைக் கூப்பிட்டுச் சொல்கிறார்: பெத்லகேம் குழந்தை பட்ட பாட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும், தொட்டியும் வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையும் கொண்டு வாரும். அந்த இரவில் சுற்றுவட்டாரத்து மக்கள் தீப்பந்தங்களோடு காட்டுவழியே வந்தார்கள். தொட்டியின் மேலேயே திருப்பலி. பிரான்சிஸ் குருவானவர் அல்ல, குருவுக்கு அடுத்த படியிலுள்ள திருத்தொண்டர். அதனால் அவர் நற்செய்தியைப் பாடினார், மறையுரை ஆற்றினார். பெத்லகேம் என்று சொல்லும்போது ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் இழுத்துச் சொல்வாராம். அவர் இறந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் வரலாறு எழுதிய செலானோ தோமா இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்த வைக்கோலை எடுத்துவைத்து, நோயுற்ற கால்நடைகளுக்குத் தின்னக் கொடுத்துக் குணமானதாகவும் எழுதுகிறார்.

அந்த வைக்கோல் விஷயத்தில்தான் எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனது. நாம் நினைப்பதுபோல் அங்கே மரியா வேடம் போட்டவர் இல்லை, யோசேப்பு இல்லை, பொம்மையும் இல்லை. தொட்டி காலி. கூட்டத்தில் ஒருவர் மட்டும் அதில் உயிரற்றதுபோல் கிடந்த குழந்தை பிரான்சிஸ் தொட்டதும் விழிப்பதாகக் காட்சி கண்டார் என்கிறார் தோமா. மாடும் கழுதையுமே நற்செய்தியில் கிடையாது, "காளை தன் உடைமையாளனை அறிந்துகொள்கின்றது, கழுதை தன் தலைவன் தனக்குத் தீனிபோடும் இடத்தைத் தெரிந்துகொள்கின்றது" என்னும் எசாயாவின் வரியிலிருந்து வந்து சேர்ந்தவை.

குகைக்குள் ஒரு சிறிய பீடம், அதற்குக் கீழே தொட்டி வைத்ததாகச் சொல்லும் பாறை. சுவரோவியத்தில் ஒருபுறம் மரியா குழந்தைக்குப் பாலூட்டுகிறாள். மறுபுறம் பிரான்சிஸ் திருத்தொண்டர் உடையில் மண்டியிட்டிருக்கிறார். குகையில் பத்துப் பேர் நிற்கலாம். ரோமின் அரியணைக் குழந்தையைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்தால்தான் பிரான்சிஸ் என்ன செய்தார் என்று விளங்கும். தேதியை ரோம் கொடுத்தது. ஏழைவீட்டு நாற்றத்தை இந்த மலை கொடுத்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் 1 அன்று இங்கே வந்துதான் குடிலைப் பற்றிய மடலில் கையெழுத்திட்டார்.

அக்கா அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் வெளியே வந்து அந்தப் பையனிடம், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இங்கே வருவாயா என்று கேட்டேன். கால்பந்து இல்லாத நாளில் வருவேன் என்றான்.

டிசம்பர் 11, வியாழன், நேப்பிள்ஸ்

நேற்று முழுக்க ரயில், மழை, தூக்கம். எழுத ஒன்றுமில்லை.

சான் கிரகோரியோ அர்மேனோ தெருவில் ஆண்டு முழுக்கக் குடில் பொம்மை விற்கிறார்கள். டிசம்பரில் அங்கே நடக்க வேண்டியதில்லை; கூட்டமே தூக்கிக்கொண்டு போகும். பழங்காலத்தில் இங்கே இருந்த, தானியங்களுக்குரிய சேரெஸ் தேவியின் கோவிலுக்கு மக்கள் சுடுமண் உருவங்களை நேர்ந்துகொண்டார்கள் என்று ஊரார் பெருமையாகச் சொல்கிறார்கள். மாரடோனா பொம்மை, அரசியல்வாதி பொம்மை, நடுவில் மரியா. கை அசைந்து பீட்சா தட்டும் ஆள் பதினெட்டு யூரோ. பெரிய பீப்பாயின் மேல் சிவந்த மூக்கோடு உட்கார்ந்திருப்பவன் சிச்சிபாக்கோ, அதாவது மதுக்கடவுள் பாக்கஸ்! பழைய கடவுள் வேலையில்லாமல் குடிலுக்குள் குடியேறிவிட்டார். லியோ பார்த்திருந்தால் இன்னொரு மறையுரை நிகழ்த்தியிருப்பார்.

தூங்கும் இடையன் பெனீனோ எல்லாக் கடையிலும் இருக்கிறான். குடில் முழுவதும் அவன் காணும் கனவாம். எழுப்பினால் எல்லாம் மறைந்துவிடுமாம். அக்கா அவனை ஒன்பது யூரோவுக்கு வாங்கினாள். பன்னிரண்டில் தொடங்கிய பேரம்.

பிறகு ரொக்கொக்கோ என்ற பாதாம் வளைய பிஸ்கட்டைக் கடித்தாள். கல். கடைவாய்ப் பல்லின் உறை கையோடு வந்துவிட்டது. கடைக்காரர் பதறிப்போய், அதை இனிப்பு ஒயினில் ஊறவைத்துத்தான் தின்ன வேண்டும் என்று சைகையில் விளக்கி, தேனில் புரட்டிய சிறு பொரியுருண்டைகள், ஸ்த்ருஃபோலி, ஒரு பொட்டலம் இலவசமாகக் கொடுத்தார்.

டிசம்பர் 12, வெள்ளி, நேப்பிள்ஸ்

வெயில். குன்றின் மேல் சான் மார்த்தீனோ மடத்து அருங்காட்சியகம். மிக்கேலே குச்சினியெல்லோ சேகரித்து 1879இல் கொடுத்த குடில் ஓர் அறையளவுக்கு இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு நேப்பிள்ஸ்: தொத்திறைச்சி தொங்கும் சத்திரம், மீன்காரன், பூசணி விற்பவள், சீட்டாடுகிறவர்கள், கீழை நாட்டு இசைக்குழு. நேப்பிள்ஸ் அரசன் சார்லஸ் காலத்தில் பிரபுக்கள் போட்டி போட்டுக்கொண்டு குடில் செய்தார்கள். அதே காலத்தில்தான் எரிமலையில் புதைந்த ரோமானிய ஊர்களான ஹெர்குலேனியமும் பொம்பேயும் தோண்டப்பட்டன. குடிலில் குழந்தை பிறக்கும் இடம் இடிந்த ரோமானியக் கோவிலாக மாறியது. பழைய மதம் சரிந்தது என்பது ஒரு பொருள். சரிந்த தூண் பார்க்க அழகாக இருந்தது என்பதும் காரணமாக இருக்கலாம்.

அக்கா கண்ணாடியை ஏற்றி இறக்கித் தேடிக்கொண்டே இருந்தாள். "எல்லாரும் இருக்கிறார்கள். மாதாவும் பிள்ளையும் எங்கே, தம்பி?" பக்கத்தில் நின்ற பள்ளி மாணவி ஒருத்தி, தன் ஆசிரியை பேசிக்கொண்டிருக்கும்போதே, விரலால் காட்டினாள்: உடைந்த தூண்களுக்கு நடுவில். முன்னால் பாலாடைக்கட்டி விற்கிறவன் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விலை பேசுகிறான்.

இறங்கி வரும் வழியில் பொரித்த பீட்சா ஐந்து யூரோ. அக்கா அதன் நடுவிலிருந்த பாலாடைக்கட்டியை மட்டும் ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட்டாள். ஊர் போய்ச் சேர்ந்த மறுநாளே பல் மருத்துவரிடம் நேரம் வாங்கிவைக்கும்படி மகளுக்குச் செய்தி அனுப்பினாள். கூடவே, குடிலில் சத்திரத்துக்கும் மீன்கடைக்கும் இந்த ஆண்டு இடம் ஒதுக்க வேண்டும் என்றும்.